குலுங்கும் கையில் கடிகாரம்: வட சென்னை சைக்கிள்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு விடியற்காலை திருவொற்றியூர் தேரடியில் கூடி எண்ணூர், காட்டுப்பள்ளி, சில வாரம் பழவேற்காடு வரை மிதித்துவிட்டு வரும் கூட்டம் எங்களுடையது. டயர் பஞ்சருக்கு அடுத்தபடியாக இந்தக் கூட்டத்தில் அதிகம் புலம்பப்படுவது வாட்ச்தான். ஒருவருக்குக் கண்ணாடி கீறியிருக்கும், இன்னொருவருக்கு உள்ளே ஆவி படர்ந்திருக்கும், மூன்றாமவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். எல்லோரும் என்னிடம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் என் சித்தப்பா வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுவதும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தரையில் விழுந்த திருகாணிகளைத் தேடிக் கொடுத்தவன் நான். ஒரே பதிலை வாரா வாரம் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவைத்துவிட்டேன்.

வட சென்னையில் மலை ஏது, மலை சைக்கிள் ஓட்ட?

கொடுங்கையூர் குப்பைமேட்டை விட்டால் நமக்கு மலை கிடையாது. அதன் மேல் ஓட்ட யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டமல்பையஸ் மலைச் சரிவுகளில் பழைய சைக்கிள்களை இறக்கி விளையாடிய இளைஞர்களிடம் பிறந்த வண்டி இது. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், முன்பக்க ஷாக் என்று நம் ஊருக்கு வந்துசேர்ந்து, மலை பார்க்காமலேயே எம்டிபி (மவுண்டன் பைக்) என்ற பெயரோடு சந்து சந்தாக ஓடுகிறது.

நமக்குக் கிடைத்த மலைப்பாதை என்பது கொசஸ்தலையாற்றங்கரை மண்தடம், உப்பளத்து வரப்பு, கனரக லாரிகள் ஓடிப் பிளந்த சாலையோரம். வருடத்தில் ஓரிரு முறை ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போகிறோம். ஆனால் வாட்ச்சைக் கேட்டால் ஏலகிரியைவிட எண்ணூரைத்தான் அது கொடுமை என்று சொல்லும். அங்கே கல் மட்டும்தான். இங்கே உப்புக் காற்று, மணல், அனல்மின் நிலையச் சாம்பல், சீமைக்கருவேல முள் எல்லாம் ஒன்றாக வரும்.

கைபேசி இருக்கும்போது வாட்ச் எதற்கு?

பள்ளத்தில் இறங்கும்போது கைபேசியை எடுத்து மணி பார்த்துக் காட்டுங்கள், பிறகு பேசுவோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் முன் வீடு திரும்ப வேண்டும் என்பவனுக்கு மணி ஒரு பார்வையில் தெரிய வேண்டும்.

சைக்கிள் குலுக்கலிலேயே வாட்ச் கெட்டுவிடுமா?

எந்த வகை வாட்ச் என்பதைப் பொறுத்தது. செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச்சில் நேரத்தைக் காப்பது, நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு படிகத் துண்டு. அதன் வேகத்துக்கு முன்னால் நம் சாலைக் குலுக்கல் எறும்பு கடித்த மாதிரி. முள் இல்லாமல் எண் மட்டும் காட்டும் டிஜிட்டலாக இருந்தால் அசையும் பாகமே ஏறக்குறைய இல்லை. முள் உள்ள குவார்ட்ஸ் வாட்ச்சில் பலத்த அடி பட்டால் விநாடி முள் ஓரிரு கோடு தள்ளி நிற்கலாம், அல்லது முள்ளே அச்சிலிருந்து தளரலாம். அதுவும் தினமும் நடப்பதில்லை.

சாவி கொடுக்கும் வாட்ச், கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இரண்டின் கதை வேறு. உள்ளே பேலன்ஸ் சக்கரம் என்று ஒன்று முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். இன்றைய ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் நொடிக்கு ஆறு அல்லது எட்டு தட்டு. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், தலைமுடிக் கனம். சித்தப்பா அதை லென்ஸ் வழியாகக் காட்டி, "இதுதான் உயிர். மற்றதெல்லாம் உடம்பு" என்பார். அந்த உயிரைக் காப்பாற்றத்தான் அச்சு அமரும் கல்லை ஒரு குட்டி ஸ்பிரிங்கின் மேல் பொருத்துகிறார்கள். அடி விழும்போது கல் சற்று விலகிக்கொடுத்துப் பின்பு தன் இடத்துக்கு வந்துவிடும். நம் சைக்கிளின் முன்பக்க ஷாக் செய்யும் அதே வேலை.

ஆகவே சாதாரணக் குலுக்கலில் முனை முறியாது. ஆனால் கல் பாவிய சரிவில் ஒரு மணி நேரம் இறங்கினால் தட்டு சீர் குலைந்து, அன்றைய நேரம் சில விநாடிகள் முன்பின் ஆகும். மாதக்கணக்கில் ஓட்டினால் திருகாணி தளரும். ஆட்டோமேட்டிக்கில் அரைவட்ட வடிவில் கனமான எடை ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். முதலில் தளர்வது பெரும்பாலும் அதன் திருகாணி. கையை மெல்ல ஆட்டும்போது உள்ளே கரகர என்று உரசல் கேட்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். குலுக்கலால் வாட்ச்சை ஓட்டும் முக்கிய ஸ்பிரிங் அளவுக்கு மீறி முறுக்கிக்கொள்ளும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். நிறைந்ததும் ஆட்டோமேட்டிக் ஸ்பிரிங் வழுக்கிக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

பின்பக்கம் 'ஷாக் ரெசிஸ்டென்ட்' என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன?

அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 1413 என்ற தரவிதி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடியை வாட்ச் தாங்க வேண்டும் என்கிறது. மூன்று கிலோ எடையுள்ள சுத்தியல் ஊசல் போல வந்து, நொடிக்கு 4.43 மீட்டர் வேகத்தில் வாட்ச்சைத் தட்டும். அதற்குப் பிறகும் ஓட வேண்டும், நேரம் பெரிதாக மாறக் கூடாது.

இப்போது நம் கணக்கைப் போடுவோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்கள் மணிக்கட்டு நேராக ஒரு மின்கம்பத்தில் மோதினால், அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து வாட்ச்சைப் போட்டதற்குச் சமம். 30 கிலோமீட்டர் வேகமென்றால் மூன்றரை மீட்டர். முதல் மாடி பால்கனியிலிருந்து சிமென்ட் தரையில் போட்ட மாதிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, உயரம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஏலகிரியின் 14 கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது 30 எல்லாம் ஒரு வேகமே இல்லை. எழுத்து பொய் சொல்லவில்லை. மேசையிலிருந்து விழும் வாட்ச்சுக்காக எழுதப்பட்டது அது.

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவைக் கட்டிக்கொண்டு ஓட்டலாமா?

வேண்டாம், தம்பி.

டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருப்பதைக் காட்டி வாதாடுவீர்கள், தெரியும். எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து வாட்ச் செய்யத் தொடங்கியது. பாராஷாக் என்பது சிட்டிசனின் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு, நான் மேலே சொன்ன அதே ஸ்பிரிங் கல் ஏற்பாடு. புதிதாக இருந்தபோது நல்ல ஏற்பாடுதான். நாற்பது ஆண்டு கழித்து எண்ணெய் காய்ந்து பிசினாகி, பின்மூடியின் வாஷர் அப்பளமாகி இருக்கும் வாட்ச்சிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. போதாததற்கு அதன் தட்டு நொடிக்கு ஐந்துதான். மெல்லத் தட்டும் சக்கரம் குலுக்கலில் சீக்கிரம் தடுமாறும். அதன் கண்ணாடியும் உண்மையில் பிளாஸ்டிக்.

எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட அரசு 2016இல் முடிவெடுத்துவிட்டது. உதிரி பாகம் இனி பழைய வாட்ச்சிலிருந்து பிடுங்கித்தான் வர வேண்டும். அதைக் கல்யாணத்துக்குக் கட்டுங்கள், அப்பாவின் நினைவு நாளுக்குக் கட்டுங்கள்.

எந்தக் கையில், எந்த இடத்தில் கட்டுவது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியது இதைத்தான்.

நாம் வழக்கமாக இடது மணிக்கட்டின் எலும்புக்கு ஒட்டினாற்போலக் கட்டுகிறோம். ஹேண்டில்பாரில் கை ஊன்றிப் பிரேக் பிடிக்கும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கும். அப்போது வாட்ச்சின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிரவுன், அதாவது சாவி கொடுக்கவும் நேரம் மாற்றவும் திருகும் குமிழ், புறங்கையில் குத்தும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் தோலில் ஒரு குழி. தோலாவது ஆறிவிடும், கிரவுனின் தண்டு வளைந்தால் ஆறாது. திருகி மூடாத கிரவுன் என்றால் குலுக்கலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, தண்ணீருக்கு வாசல் திறந்துவிடும்.

மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். அங்கே கை மடங்காது. ஒரு துளை இறுக்கமாகப் போடுங்கள். வாட்ச் வழுக்கி ஓடினால் ஒவ்வொரு பள்ளத்திலும் எலும்பில் மோதும், அதுவும் அடிதான். ரத்த ஓட்டம் நிற்கும்படி இறுக்கவும் வேண்டாம்; சுண்டுவிரல் நுழைய வேண்டும்.

வலது கைக்கு மாற்றினால் கிரவுன் முழங்கைப் பக்கம் திரும்பிவிடும், குத்தாது. முதல் வாரம் மணி பார்க்க வெறுங்கையைத் தூக்குவீர்கள், பிறகு பழகிவிடும். நான்கு மணி இடத்தில் கிரவுன் வைத்த வாட்ச்சுகளும் உண்டு, அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

ராணுவக்காரர் போல உள்பக்கமாகத் திருப்பிக் கட்டலாமா என்று கேட்கிறார்கள். முள் கீறாது, உண்மை. ஆனால் விழும்போது மனிதன் உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறான். நேராகத் தரைக்கே வாட்ச்சைக் கொடுத்த மாதிரி ஆகும்; கூடவே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் இடத்தில் கண்ணாடி உடையும். எனக்குச் சம்மதமில்லை.

எனக்குப் பிடித்த பாதுகாப்பு, காசில்லாதது: பழைய சாக்ஸின் மேல்பகுதியை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, வாட்ச்சின் மேல் வளையம் போல மாட்டிக்கொள்ளுங்கள். மணி பார்க்க விலக்கினால் போதும். முள் கிழிப்பது சாக்ஸை, வியர்வை குடிப்பது சாக்ஸ், கிளை சிக்குவதும் சாக்ஸில். கூட்டத்தில் முதலில் சிரித்தவர்கள் இன்று நான்கு பேர் மாட்டியிருக்கிறார்கள். என் மச்சான் இன்னும் சிரிக்கிறார். அவர் கதை கீழே வருகிறது.

ஹேண்டில்பாரிலேயே கட்டிவிட்டால்?

விலை குறைந்த டிஜிட்டல் என்றால் கட்டுங்கள், பஞ்சரான பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் சுற்றிக்கொண்டு. சாவி வாட்ச்சை, ஆட்டோமேட்டிக்கை ஒருபோதும் அங்கே கட்டாதீர்கள். கையில் இருக்கும்போது தோலும் சதையும் முழங்கையும் அதிர்வைப் பாதி தின்றுவிடும். கம்பியில் இருந்தால் டயர் உணர்ந்ததெல்லாம் வாட்ச்சுக்கு நேராகப் போகும்.

ஸ்ட்ராப் எது நல்லது? மாற்றித்தான் ஆக வேண்டுமா?

சித்தப்பா கடைக்கு வந்த 'தொலைந்துபோன' வாட்ச்சுகளின் கதையைக் கேட்டால், பாதியில் குற்றவாளி ஒன்றுதான்: பின். ஸ்ட்ராப்பை வாட்ச்சோடு பிணைக்கும், உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னக் குழாய். வழக்கமாக ஒன்றரை மில்லிமீட்டர் கனம். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வாட்ச் ஒரு டீ விலையுள்ள பின்னில் தொங்குகிறது என்பதை யோசித்தால் தூக்கம் வராது. அந்தக் குழாய்க்குள் வியர்வை போகும், உப்புக் காற்று போகும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும்.

என் மச்சான் காட்டுப்பள்ளிச் சாலையிலிருந்து இறங்கி ஒரு வரப்பில் போனார். கருவேலங்கிளை ஸ்ட்ராப்பில் மாட்டி இழுத்தது. அவருக்குத் தெரிந்தது கையில் ஒரு சொடுக்கு மட்டும். அரை கிலோமீட்டர் போய் மணி பார்க்கக் கை தூக்கியபோது வாட்ச் இல்லை. இரண்டு பேர் மூன்று மணி நேரம் முள்காட்டில் தேடினோம். கிடைத்தவை ஒரு செருப்பு, இரண்டு மீன்வலை மிதவை, என் டயரில் ஐந்து முள். அந்த வாட்ச் இன்னும் அங்கேதான் எங்கோ கிடக்கிறது. தண்ணீர் புகாத ரகம் என்பதால் ஓடிக்கொண்டும் இருக்கலாம்.

பரிகாரம் எளிது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பின்னையும் மாற்றுங்கள். கடைக்காரரிடம் சற்றுக் கனமான பின் கேளுங்கள். துளை இடம் கொடுத்தால் 1.8 மில்லிமீட்டர் போடுவார். மாற்றியபின் ஸ்ட்ராப்பைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வருவதாக இருந்தால் மேசை மேல் வரட்டும்.

அதைவிட நல்லது நேட்டோ ஸ்ட்ராப். பிரிட்டன் பாதுகாப்புத் துறை 1973இல் தன் வீரர்களுக்காக வகுத்த வடிவம். ஒரே நைலான் பட்டை இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைந்து வாட்ச்சின் முதுகு வழியாகப் போகும். ஒரு பின் போனாலும் மற்றொன்றில் வாட்ச் தொங்கும். வியர்வையில் நனைந்தால் சோப்புப் போட்டுத் துவைக்கலாம். வாங்கும் முன் வாட்ச்சில் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளுக்கு இடையே உள்ள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 18, 20, 22 மில்லிமீட்டர் என்று வரும்.

தோல் ஸ்ட்ராப் நம் வெயிலுக்கு ஒரு கோடையில் நாறிவிடும். ஸ்டீல் செயின் கனம். விழும்போது தோலைப் பிடுங்கும், ஓட்டும்போது மணிக்கட்டு மயிரைப் பிடுங்கும். ரப்பர், சிலிக்கான் பரவாயில்லை, ஆனால் பின் பிரச்சினை அப்படியே இருக்கும். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) ஸ்ட்ராப் கிளை மாட்டினால் பிரிந்துகொடுத்துக் கையைக் காப்பாற்றும், வாட்ச்சைக் காட்டுக்குக் கொடுத்துவிடும். எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

விழவே இல்லை, ஆனால் கண்ணாடி முழுவதும் மெல்லிய கீறல். எப்படி?

சட்டை நுனியால் துடைத்தீர்கள். அவ்வளவுதான்.

கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் பத்து. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. சாதாரண வாட்ச் கண்ணாடி ஐந்தரை, ஆறு. ஏழு ஆறைக் கீறும், அதில் வாதமில்லை. கடற்கரை மணல் மட்டும் என்றில்லை. அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் போய் வந்தவர்கள் சைக்கிளில் படிந்திருக்கும் சாம்பல் பொடியைப் பார்த்திருப்பீர்கள். அனல்மின் நிலையச் சாம்பலில் பெரும்பங்கு சிலிகாவும் அலுமினாவும். பவுடர் போல மெத்தென்று இருக்கும், வேலை உப்புத்தாள் வேலை. துடைக்கும்போது நீங்களே அதை அழுத்தித் தேய்க்கிறீர்கள்.

முதலில் ஊதுங்கள். பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு துடையுங்கள்.

சஃபையர் கண்ணாடி ஒன்பது, மணல் கீறாது. ஆனால் கடினமானது எல்லாம் உறுதியானது என்று நினைக்கக் கூடாது. கூர்மையான கல்லில் விளிம்பு பட்டால் சஃபையர் சில்லுச் சில்லாக உடையும், அந்தத் தூள் உள்ளே போய்ச் சக்கரங்களில் சிக்கும். சாதாரணக் கண்ணாடியை மாற்றுவது சின்னச் செலவு. பழைய வாட்ச்சின் பிளாஸ்டிக் கண்ணாடி சுலபமாகக் கீறும், ஆனால் வெள்ளைப் பற்பசையைத் தொட்டு மென்துணியால் கால் மணி நேரம் தேய்த்தால் கீறல் மறையும். கண்ணாடியில் அந்த வித்தை பலிக்காது, பற்பசைதான் வீண்.

'30 மீட்டர்' என்று போட்டிருக்கிறது. முகத்துவாரத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கலாமா?

முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமான சோதனையைப் புதிதாக இருந்தபோது தாங்கியது, அவ்வளவே. கை கழுவலாம், மழையில் நனையலாம். தண்ணீரில் முழுதாக முங்க 100 மீட்டர் போட்டது வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏப்ரல் வெயிலில் இரண்டு மணி நேரம் காய்ந்த வாட்ச்சுக்குள் காற்று சூடாகி இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்காற்று சுருங்கி, பழைய வாஷரின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் தானாகப் போகவில்லை, வாட்ச்தான் குடித்தது.

செல் மாற்றும்போது பின்மூடியைத் திறப்பார்கள். அப்போது வாஷரைப் பார்க்கச் சொல்லுங்கள்; விறைத்திருந்தால் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். அவசரத்தில் பழைய வாஷரை நசுக்கி மூடிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த வாட்ச்சின் முதுகில் எத்தனை மீட்டர் எழுதியிருந்தாலும் வெறும் அலங்காரம்.

ஓட்டிவிட்டு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

சைக்கிளைத் துடைக்கும் முன் வாட்ச்சைக் கழுவுங்கள். கிரவுன் முழுக்க உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பார்த்து, சூடு ஆறியபின் நல்ல தண்ணீரில் காட்டி, பழைய பல்துலக்கும் பிரஷால் கொம்புகளின் இடுக்கு, பின்மூடி ஓரம், கொக்கி ஆகியவற்றைத் தேய்த்துவிடுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டாம்; உப்பை உப்பால் கழுவக் கூடாது. குடத்தில் பிடித்து வைத்த மெட்ரோ தண்ணீர் ஒரு குவளை போதும். எச்.எம்.டி. போன்ற பழையவற்றைத் தண்ணீரில் காட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். வியர்வையிலும் கடல் காற்றிலும் இருக்கும் குளோரைடு, காற்றோட்டம் இல்லாத இடுக்குகளில் எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். ராயபுரம், காசிமேடு வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்மூடிக்கு அடியில் வாஷர் அமரும் வளையத்தில் அரிப்பு வந்துவிட்டால் புது வாஷரும் நிற்காது.

கண்ணாடிக்கு உள்ளே ஆவி படர்ந்திருக்கிறது. அரிசியில் போட்டு வைக்கலாமா?

அரிசியில் சோறு சமையுங்கள். மூடிய வாட்ச்சுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி வெளியே இழுக்காது. அன்றே கடைக்குப் போய்ப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் போயிருந்தால் நாளைக்கு என்று தள்ளினாலே நஷ்டம். இரண்டு மூன்று நாளில் முள் அச்சு துருப்பிடித்துவிடும்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டுபவர்களுக்கு?

கண்ணாடி மேல் ஒட்டும் தாளும், ஓரத்தைச் சுற்றி உயர்ந்து நிற்கும் ரப்பர் உறையும் போடுங்கள். உறை கண்ணாடி மட்டத்தைவிட ஒரு நூல் உயர்ந்து இருக்க வேண்டும், அப்போதுதான் தரையை உறை தொடும். வாரம் ஒருமுறை கழற்றி அடியில் சேரும் மணலைக் கழுவுங்கள். இல்லாவிட்டால் உறையே உப்புத்தாள். நாடித்துடிப்பு பார்க்கும் விளக்கு முதுகில் இருப்பதால் நேட்டோ ஸ்ட்ராப் இதற்குப் பொருந்தாது.

என் ஆட்டோமேட்டிக் திடீரென்று தினமும் பல நிமிடம் முன்னால் ஓடுகிறது. அடி எதுவும் படவில்லை.

காந்தமாக இருக்கலாம். கைபேசியை ஹேண்டில்பாரில் பிடிக்கும் காந்தத் தாங்கி, சில ஹெல்மெட்டுகளின் காந்தக் கொக்கி, ஸ்பீக்கர். பேலன்ஸ் சக்கரத்தை ஊசலாட வைக்கும் முடிபோன்ற ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டினால் தட்டு வேகமாகும். கடையில் காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை.

கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனால்?

போகலாம், தனி சாக்ஸில் சுருட்டி வைத்தால். ஸ்பானர், சாவிக்கொத்து, காற்றுப் பம்ப் கிடக்கும் அறையில் போட்டவர்கள், கையில் கட்டியவர்களைவிட அதிகம் கீறல் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, சைக்கிளுக்கு என்றே ஒரு வாட்ச் வாங்கினால் எது வாங்கலாம்?

காசியோவின் ஜி-ஷாக் வகையை யோசிக்காமல் சொல்வேன். அதைச் செய்த பொறியாளர் கிகுவோ இபே, அப்பா கொடுத்த வாட்ச் விழுந்து சிதறியதைப் பார்த்துத்தான் உடையாத வாட்ச் என்ற எண்ணத்துக்கு வந்தார். மாதிரி மேல் மாதிரியாகச் செய்து மாடி ஜன்னலிலிருந்து போட்டுப் போட்டு உடைத்தார். பூங்காவில் ஒரு சிறுமி பந்து தட்டுவதைப் பார்த்தபோது வழி தெரிந்தது: பந்தின் நடுவில் இருக்கும் பொருளுக்கு அடி போய்ச் சேராது. இயந்திரத்தைச் சில புள்ளிகளில் மட்டும் தொடும்படி கூட்டுக்குள் மிதக்க விட்டார். 1983இல் முதல் வாட்ச் வந்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும், பத்து பார் (நூறு மீட்டர் ஆழத்துக்குச் சமமான) தண்ணீர் அழுத்தம் தாங்க வேண்டும், செல் பத்து வருடம் வர வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. மேலே போட்ட மூன்றரை மீட்டர் கணக்கு இங்கே செல்லாது. நடைபாதையில் அதே முகத்தோடு நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் மிதக்கும் இயந்திரம் எல்லாம் இல்லை, முகம் மட்டும்தான்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் அதே நிறுவனத்தின் எஃப்-91டபிள்யூ. 1989இலிருந்து வருகிறது. இருபது கிராம் சொச்சம்தான் எடை; கனம் குறைந்தால் அடியும் குறையும். தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள்.

விழுந்துவிட்டேன். வாட்ச்சை எப்படிச் சோதிப்பது?

வாட்ச்சை உடனே கழற்றுங்கள். சோதிப்பதற்காகக் கழற்றச் சொல்லவில்லை. மணிக்கட்டு அரை மணியில் வீங்கிவிடும், அதற்குப் பிறகு கொக்கி கழலாது. ஸ்ட்ராப்பை வெட்ட வேண்டியிருக்கும், ரத்த ஓட்டமும் அடைபடும். பெருவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே விரல் வைத்து அழுத்துங்கள். வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், கையூன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி உடையும் எலும்புகளில் அதுவும் ஒன்று. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வெறும் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள எலும்பு மருத்துவரிடமோ போங்கள். வலி குறையாவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாட்ச்சைப் பொறுத்தவரை, கண்ணாடி உடைந்திருந்தால், கிரவுனை இழுத்தால் நிற்கும் வகை என்றால் அதை வெளியே இழுத்து ஓட்டத்தை நிறுத்துங்கள், சில்லு உள்ளே சுற்றாமல் இருக்கும். கண்ணாடியைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றி வையுங்கள். நின்றுபோயிருந்தால் தட்டாதீர்கள், ஆட்டாதீர்கள், சாவி கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் இரவு கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு எழுதிவைத்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். விழுந்ததை மறைக்காமல் கடைக்காரரிடம் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் "சும்மா மேசையில்தான் இருந்தது" என்று நீட்டுவார்கள். கொம்பு இடுக்கிலிருந்து எண்ணூர் மணல் உதிரும்.